கஞ்சி போட்ட நிக்கரில் மகாபலேஷ்வர்

மன உறுதி என்பது பல நேரங்களில் உட்கார முடியாத நிலைமைக்கு ஊரார் வைக்கிற பெயர். இதை நான் கேட்டறிந்து சொல்லவில்லை, பட்டுத் தெரிந்து சொல்கிறேன். புனேயில் எங்கள் சபை மக்களில் பாதிப் பேரும் ஒரு தொழிற்சாலை முதலாளியும் என்னை இன்றைக்கும் இரும்பு நெஞ்சன் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாரும் தமிழ் வாசிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் கஞ்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து புனேயின் கேம்ப் பகுதியில் குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. எத்தனையோ விஷயங்கள் வழியில் உதிர்ந்துபோயின. பேச்சில் பாதி இந்தி ஆகிவிட்டது, குழம்பில் மராத்திக்காரர்களின் கோடா மசாலா நுழைந்துவிட்டது. துணிக்குக் கஞ்சி போடுவது மட்டும் அப்படியே நிற்கிறது. கஞ்சி போடாத துணியில் வெளியே போவது எங்கள் அம்மாவுக்கு ஜெபம் பண்ணாமல் சோற்றில் கை வைப்பதற்குச் சமம். அப்பாவின் ஆபீஸ் சட்டை, என் பள்ளிச் சீருடை, தலையணை உறை, கைக்குட்டை எதுவும் தப்பியதில்லை. கொரோனா காலத்தில் துணி மாஸ்க்குக்கும் கஞ்சி போட்டார். (அது முகத்தில் ஒட்டாமல் ஓட்டுக் கூரை மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது. எங்களுக்கு நோய் வராமல் போனதற்குக் காரணம் எங்கள் முகத்தைப் பார்த்து எல்லோரும் தள்ளி நின்றதுதான்.)

அம்மாவைப் புனேயில் ரூபி டீச்சர் என்றால் தெரியும். போபோடியில், உடலியக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற பிறகும் தினமும் போய்விடுவார். யாராவது கேட்டால் பென்ஷன் பேப்பரில் கையெழுத்துப் பாக்கி என்பார்.

அந்தப் பள்ளியின் வேன் ஒரு மழைக்காலத்தில் உயிரை விட்டது. வேன் இல்லையென்றால் அந்தப் பள்ளியே இல்லை. நடக்க முடியாத பிள்ளைகளைத் தாய்மார்கள் எத்தனை நாள் இடுப்பில் தூக்கி பஸ் ஏறுவார்கள்? ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். வேன் ஓட்டிய இம்ரான், ஓட்ட வண்டியில்லாமல் கேட்டைத் திறந்து மூடிக்கொண்டிருந்தான். அம்மா சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் யாருடனும் பேசாமல் அப்படியே உட்கார்ந்திருப்பார். பேசாத அம்மாவை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை.

அப்போதுதான் அந்தத் தொழிற்சாலை முதலாளி வந்தார். நல்ல மனிதர், ஆனால் சைக்கிள் பைத்தியம். ஆண்டுதோறும் புனேயிலிருந்து மகாபலேஷ்வர் போய்த் திரும்பும் மூன்று நாள் சைக்கிள் பயணம் ஒன்றை தர்ம காரியத்துக்காக நடத்துகிறவர். புது வேன் தருவதாகச் சொன்னார், ஆனால் ஒரு நிபந்தனை. பள்ளியின் சார்பில் மூன்று பேர் ஓட்ட வேண்டும். மூன்று பேரும் முடிக்க வேண்டும். ஒருவர் களைத்துப்போய்க் கூட வரும் டெம்போவில் ஏறிவிட்டாலும் வேன் கிடையாது.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் போட்டார்கள். பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் மேதா தாயி (மராத்தியில் தாயி என்றால் அக்கா) கை தூக்கினார். ஐம்பதைத் தாண்டியவர், ஆனால் வாரா வாரம் சிங்ககட் மலைக்கோட்டை ஏறுகிறவர். இம்ரான் தூக்கினான். மூன்றாவது கை வரவில்லை. எல்லோரும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் கை எழும்பியது. தூக்கியது நான் இல்லை, என் மணிக்கட்டைப் பிடித்திருந்த அம்மா.

அம்மாவைக் குறை சொல்லவும் முடியாது. முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் ஆராதனை முடிந்ததும் சர்ச் வாசலில் நின்று, தினமும் ஜிம்மில் இருபது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பதாக நான் நாலு பேரிடம் அளந்துகொண்டிருந்தேன். அந்த சைக்கிளுக்குச் சக்கரமே கிடையாது என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. தவளை தன் வாயாலேதானே கெடும்.

பயிற்சிக்காக மூவரும் ஒரு ஞாயிறு கடக்வாஸ்லா வரை போனோம். அணைக்கரையில் சுட்ட சோளம் தின்றுவிட்டுத் திரும்பினோம். வீட்டுக்கு வந்ததும் சீட் பட்ட இடத்தில் இடி விழுந்த மாதிரி இருந்தது. "நிக்கர் வாங்கு அருள், மெத்தை வச்ச நிக்கர்" என்றார் மேதா தாயி. வாங்கினேன். கடைக்காரர் இரண்டு விஷயம் சொன்னார். உள்ளே வேறு எதுவும் போடக் கூடாது. முதல் நாள் ஒரு மாதிரிதான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும். அந்த இரண்டாவது வாக்கியம்தான் என்னைக் கவிழ்த்தது.

இரண்டு நிக்கர் வாங்கி வந்து துவைக்கிற கூடையில் போட்டேன். புறப்படும் நாள் காலையில் இரண்டும் என் கட்டில்மேல் மடித்து வைக்கப்பட்டிருந்தன. மடிப்பு என்றால் கத்தி மடிப்பு. நான் அதைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் பிறந்ததிலிருந்து கத்தி மடிப்பையே பார்த்து வளர்ந்தவனுக்கு அதில் என்ன வித்தியாசம் தெரியும்? போட்டுப் பார்த்தேன். கால் பக்கம் இழுபடும் துணி, அது சாதாரணமாகத்தான் இருந்தது. நடுவில் இருந்த மெத்தை மட்டும் காய்ந்த அடை மாதிரி இருந்தது. 'ஒரு மாதிரி' என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கேம்ப்பிலிருந்து கிளம்பினோம். பின்னால் டெம்போ. ஓட்டியது அம்மாவின் தம்பி செல்வின் மாமா. முன் சீட்டில் அம்மா, மடியில் எலுமிச்சம்பழமும் குளுக்கோஸும். சமையல் பொறுப்பு, ஜெபப் பொறுப்பு இரண்டும் அவருடையது.

காத்ரஜ் தாண்டும்போதே ஒரு மாதிரி இருந்தது. ஷிர்வள் வரும்போது வேறு மாதிரி இருந்தது. கம்பாட்கி மலைப்பாதையில் வியர்வை இறங்க இறங்க அந்த அடை ஊற ஆரம்பித்தது. ஊறினால் மெத்தென்று ஆகுமென்று நினைத்தேன், அது கோந்தாகியது. மேலே போய் டீ குடிக்க நின்ற பத்து நிமிஷத்தில் காற்று பட்டு மறுபடி காய்ந்தது. என்மேல் ஒட்டியபடியே காய்ந்தது. திரும்பவும் சைக்கிளில் ஏறி உட்கார்ந்தபோது என் தோலும் நிக்கரும் பிரிவதா சேர்வதா என்று தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டன.

"தாயி, ரொம்ப வலிக்குது" என்றேன். (எங்கள் பேச்சு இந்தியில். இங்கே தமிழில் எழுதுகிறேன்.)

"முதல் நாள் எல்லாருக்கும் வலிக்கும்" என்றார்.

"எனக்கும்தான் வலிக்குது பாய்" என்றான் இம்ரான், விசில் அடித்துக்கொண்டே.

எல்லோருக்கும் இப்படித்தான், என்னால் மட்டும் தாங்க முடியவில்லை என்று தோன்றியபோது எனக்கு என்மேலேயே வெறுப்பு வந்தது. அந்த வெறுப்பில் வாய் என்ற ஊர் வரைக்கும் மிதித்தேன்.

வாயில் ஆற்றங்கரைப் பக்கம் ஒரு லாட்ஜ். குளியலறையில் நிக்கரைக் கழற்றியது தனிக் கதை, அதைக் குடும்பங்கள் படிக்கும் இடத்தில் எழுதக் கூடாது. கழற்றிய பிறகு வாளித் தண்ணீரில் முக்கினேன். தண்ணீர் வெள்ளையாகியது. ஒரு வாசனை வந்தது. சோறு வடித்த வாசனை. நான் ஐந்தாம் வகுப்புச் சீருடையில் மழையில் நனைந்தபோது வந்த அதே வாசனை.

வாளியின் முன்னால் குந்தியிருந்தவன் (உட்கார முடியாது என்று சொன்னேனே) எல்லாவற்றையும் புரிந்துகொண்டேன்.

இரண்டு நிக்கரையும் வெறியோடு அலசினேன். ஏழு தண்ணீர் மாற்றி, பிழிந்து, வராந்தாக் கொடியில் போட்டேன். புண்ணுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். காலையில் ஈரமாக இருந்தாலும் பரவாயில்லை, கஞ்சி இல்லாமல் போனால் போதும். இரவுச் சாப்பாட்டைக் கட்டில்மேல் தட்டை வைத்துத் தரையில் முழங்கால் போட்டபடி சாப்பிட்டேன். கதவைத் திறந்து பார்த்த அம்மா, ஜெபம் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார். நானும் ஒருவகையில் ஜெபத்தில்தான் இருந்தேன்.

காலையில் எழுந்து பார்த்தால் கொடியில் நிக்கர் இல்லை. கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில் இரண்டும் மடித்து இருந்தன. கத்தி மடிப்பு. தொட்டுப் பார்த்தேன். விரலால் தட்டினால் சத்தம் வந்தது.

அம்மா டீயுடன் வந்தார். முகம் பூரித்திருந்தது.

"என்னல இது, பிழிஞ்சு எறிஞ்ச மாதிரி கொடியில போட்டு வச்சிருந்த? நல்லவேளை நான் பார்த்தேன். கீழ சமையக்கட்டுல ராத்திரி சோறு வடிச்சாவ. கஞ்சி சும்மாதான் கொட்டுதோம், எடுத்துக்கோங்க மாவ்ஷின்னாவ. அவங்ககிட்டேயே இஸ்திரியும் வாங்கி நல்லா அழுத்தித் தேச்சிட்டேன். அந்த நடுவுல இருக்கது ஈரம் போவவே மாட்டேங்குது பாத்துக்கோ, அதுக்கு மட்டும் ரெண்டு தடவை கஞ்சி காட்டினேன்."

சொல்லிவிட வேண்டியதுதான் என்று வாயைத் திறந்தேன். "அம்மா, இந்த நிக்கருக்கு..."

"நன்றியெல்லாம் சொல்லாதல" என்றார் அம்மா. பிறகு குரல் இறங்கியது. "என்னால சைக்கிள் மிதிக்க ஏலுமா? ஏலாது. அந்தப் பிள்ளையளுக்கு நான் வேற என்னத்தச் செய்ய? நீ அவங்களுக்காவ போற. கசங்கின துணியில போவக் கூடாது. அதை மட்டுமாவது நான் பார்த்துக்கிடுதேன்."

நான் வாயை மூடினேன். டீயைக் குடித்தேன். நிக்கரைப் போட்டுக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த வீரச் செயல் ஒன்றே ஒன்று என்றால் அது இதுதான். இதற்கு யாரும் மாலை போடவில்லை.

இரண்டாம் நாள் பசர்ணி மலைப்பாதை. வாயை விட்டதுமே ஏற்றம், பஞ்ச்கனி வரை வளைந்து வளைந்து போகும். சீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணில் நீர் வந்தது. எழுந்து பெடல்மேல் நின்றேன். வலி பாதியானது. சரி, உட்காரவே வேண்டாம் என்று முடிவெடுத்தேன். நின்றபடியே மிதித்தேன். முடியாதபோது இறங்கி சைக்கிளைத் தள்ளினேன் (தள்ள விதியில் தடை இல்லை), மூச்சு வந்ததும் மறுபடி ஏறி நின்றேன்.

பின்னால் வந்த மேதா தாயி அசந்துவிட்டார். "அருள், இது பெரிய பெரிய ரேஸ்காரங்க ஏறுற முறை. எங்க கத்துக்கிட்ட?"

"வாயில்" என்றேன். உண்மையும் அதுதான்.

செல்வின் மாமா டெம்போவிலிருந்தபடியே வீடியோ எடுத்துப் பள்ளியின் வாட்ஸாப் குழுவில் போட்டார். பஞ்ச்கனியில் நாங்கள் நிற்பதற்குள் முதலாளியே பாராட்டுச் செய்தி அனுப்பியிருந்தார். மற்ற அணிக்காரர்கள் என்னைப் பார்க்க வந்தார்கள். எல்லோரும் நாற்காலியில் சாய்ந்து ஸ்ட்ராபெரி கிரீம் சாப்பிட, நான் கம்பத்தைப் பிடித்து நின்றபடி சாப்பிட்டேன். "உட்காந்தா தசை தளர்ந்துடுமாம்" என்று இம்ரான் எனக்காக அவர்களிடம் விளக்கிக்கொண்டிருந்தான். அவனுக்கும் விஷயம் தெரியாது, நட்புக்காகக் கிடைத்ததைச் சொன்னான். அன்று மாலை மகாபலேஷ்வரில் நடந்த ஜெபத்திலும் நான் நின்றேன். அம்மா தம்பியின் காதில் "எம் பிள்ளைக்கு வந்த பக்தியப் பாத்தியா" என்று சொன்னது எனக்குக் கேட்டது.

அங்கே நான் நிக்கரைத் துவைத்து ரகசியமாகப் பைக்குள் ஒளித்து வைத்தேன். மூன்றாம் நாள் ஈர நிக்கரோடு கிளம்பினேன். கஞ்சி இல்லை, ஆனால் அதற்கு இனிமேல் அவசியமும் இல்லை. கஞ்சி தன் வேலையை இரண்டு நாளில் முடித்துவிட்டது.

இறக்கத்தில் பெரும்பாலும் நின்றபடியே வந்தேன். சமதரையில் ஒரு தொடையை மட்டும் சீட்டில் சாய்த்து, பஸ் படிக்கட்டில் தொங்குகிறவன் மாதிரி மிதித்தேன். பிற்பகலில் பழைய காத்ரஜ் மலைப்பாதை வந்தது. கடைசி ஏற்றம். அதைத் தாண்டினால் புனே. பாதி வழியில் என் கால் நின்றுவிட்டது. நிறுத்தியது நான் இல்லை. தொடை இரண்டும் ஆடின, கண் இருட்டியது, சைக்கிளோடு ஓரமாகச் சாய்ந்து பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

டெம்போ பக்கத்தில் வந்து நின்றது. அம்மா இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்தார். அந்த மூன்று நாளில் முதல்முறையாக அவர் பயந்தார்.

"போதும்ல. ஏறு வண்டியில."

"வேன் போயிரும்மா."

"போவட்டும். அந்தப் பிள்ளையள ஆட்டோல கூட்டிட்டு வாறேன். நடந்து போய்ச் சுமந்துட்டு வாறேன். நீ ஏறு ராசா."

டெம்போவின் பின்கதவு திறந்திருந்தது. உள்ளே இரும்புத் தகட்டுப் பெஞ்சு. அதைப் பார்த்தேன். உண்மையைச் சொல்கிறேன், என் முதல் எண்ணம் பிள்ளைகளைப் பற்றியது இல்லை. அந்தப் பெஞ்சில் என்னால் உட்கார முடியாது என்பதுதான். இரண்டாவது எண்ணம், அம்மா தன் வாயால் "போவட்டும்" என்று சொல்கிறாரே என்பது. வேன் நின்றுபோன நாளிலிருந்து சாயங்காலம் பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா எனக்காக அதை விடுகிறார். ஏற முடியாத காரணமும் ஏறக் கூடாத காரணமும் ஒரே நேரத்தில் வந்து நின்றால் மனிதன் மலையும் ஏறிவிடுவான் போலிருக்கிறது.

"நான் ஏற மாட்டேன். நீங்க முன்னால போங்க" என்றேன்.

இம்ரான் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு கீழே இறங்கி வந்தான். நான் எழுந்து நின்று மிதித்தேன், அவன் பக்கத்தில் ஓட்டியபடி என் முதுகில் ஒரு கையை வைத்திருந்தான். தள்ளவில்லை, சும்மா வைத்திருந்தான். கொஞ்ச தூரம் போனதும், "பசங்க என்னை இம்ரான்னு கூப்பிட மாட்டாங்க பாய். காடி காடின்னுதான் கூப்பிடுவாங்க. இப்பவும் கேட்ல என்னைப் பாத்தா காடின்னுதான் கூப்பிடுறாங்க" என்றான். (இந்தியில் காடி என்றால் வண்டி.) அவ்வளவுதான் சொன்னான். நான் மேலே போய்ச் சேரும்வரை கால் ஊன்றவில்லை.

ஸ்வார்கேட் சிக்னல், சிவாஜிநகர், கட்கி என்று ஊரே ஹாரன் அடித்து எங்களை உள்ளே தள்ளியது. போபோடிச் சந்துக்குள் நுழைந்தபோது சக்கர நாற்காலிகள் வரிசையாக நின்றன. டோல்தாஷா மேளம் அடித்தார்கள். "காடி, காடி" என்று கத்தினார்கள். இம்ரான் அழுதான். நானும் அழுதேன், எனக்குக் காரணங்கள் கூடுதல்.

மேடை போட்டிருந்தார்கள். முதல் வரிசையில் எனக்கு ரோஜா மாலை சுற்றிய நாற்காலி. "உட்காருங்க, உட்காருங்க." நான் நின்றேன். முதலாளி மைக் பிடித்து, "இந்த இளைஞர் வேன் சாவி பள்ளியின் கையில் வரும்வரை உட்காரப் போவதில்லை என்று சபதம் எடுத்திருக்கிறார் போலிருக்கிறது" என்றார். கைதட்டல் கூரையைப் பிளந்தது. சாவி கொடுத்த பிறகும் நான் உட்காரவில்லை. அப்போதுதான் மேதா தாயிக்குச் சந்தேகம் வந்தது. எத்தனையோ பிள்ளைகளின் நடையைப் பார்த்துப் பழகிய கண் அவருடையது. நான் மேடையிலிருந்து இறங்கிய நடையைப் பார்த்ததும் காதைப் பிடிக்காத குறையாகப் பயிற்சி அறைக்குக் கூட்டிப்போனார்.

மெத்தையில் குப்புறப் படுத்தபடி எல்லாவற்றையும் சொன்னேன். பையிலிருந்து இரண்டாவது நிக்கரை எடுத்துக் காட்டினேன். வாயில் இரண்டு தடவை கஞ்சி காட்டிய நிக்கர்களில் நான் போடாமல் வைத்திருந்தது. தாயி அதை மேஜைமேல் வைத்தார். அது சாயாமல் தன்னந்தனியே நின்றது. தாயி சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சத்தம் கேட்டு வந்த இம்ரான் தரையில் உட்கார்ந்து சிரித்தான்.

அந்த நேரம் பார்த்து அம்மா உள்ளே வந்துவிட்டார். நிக்கரைப் பார்த்தார், குப்புறக் கிடந்த என்னைப் பார்த்தார், தாயி கையில் இருந்த களிம்பைப் பார்த்தார். டீச்சர் அல்லவா, யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்துவிட்டது.

"ஏல, நானால உனக்கு இப்படிப் பண்ணேன்? ஏன்ல சொல்லல?"

"சொன்னா நீங்க வருத்தப்படுவீங்கன்னு..."

அம்மா என் தலைமாட்டில் நின்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். என் தலையைத் தடவிக்கொடுத்தார். அப்புறம் கை தானாக மேஜைப் பக்கம் போனது. நிக்கரின் விளிம்பை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார், கடையில் துணி பார்க்கிற மாதிரி.

"ஆனாலும் ஒண்ணு சொல்லுதேன்" என்றார். "சாதாரண நிக்கரா இருந்தா காத்ரஜ்லயே டெம்போல ஏறி உக்காந்திருப்ப."

இது நடந்து சில வருடங்கள் ஆகின்றன. புண் ஆற மூன்று வாரம் ஆனது, பேச்சு ஆறவில்லை. எங்கள் வீட்டில் யாராவது சோபாவில் உட்காரத் தாமதித்தால் என் மனைவி, "என்ன, கஞ்சியா?" என்கிறாள். இம்ரான் போன் செய்தால் "உட்காந்திருக்கியா பாய்?" என்றுதான் ஆரம்பிக்கிறான். ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பயணத்துக்கு முதலாளி என்னை அழைக்கிறார். நானும் போகிறேன், என் துணியை நானே துவைத்துக்கொள்கிறேன்.

அம்மா இன்னும் தினமும் பள்ளிக்குப் போகிறார், இப்போது வேனில், இம்ரானுக்குப் பக்கத்து சீட்டில். புதிதாக யாராவது ஏறி, வண்டி நல்லா ஓடுதே டீச்சர், டீசலா கேஸா என்று கேட்டால் அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்துகொள்வார்.

"ரெண்டும் இல்ல" என்பார். "இது என் கஞ்சியில ஓடுது."